பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

பெருங்குரல் படைத்த ஒரு மனிதர் கிசுகிசுத்து வியாபாரம் பேசினால் எப்படி இருக்கும் என்பது அன்று சாயங்காலம்தான் அவளுக்குத் தெரிந்தது. படுக்கையறைக் கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில் உட்கார்ந்து சோலார்க்காரர் பேசிக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கும்போது குரல் பூனை மாதிரிதான் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் அவரையும் மீறி வளர்ந்து, மூன்றாவதில், "சார், சூரியன் நமக்கு பில் அனுப்பறதே இல்ல சார்!" என்று ஜன்னல் கண்ணாடி அதிர ஒலித்தது. உடனே, "உஷ்... அம்மா தூங்கறாங்க அங்கிள்" என்றது மகளின் சின்னக் குரல். "சாரி பாப்பா, சாரி" என்று மறுபடியும் பூனையானார்.

அவள் விழித்து வெகு நேரமாகியிருந்தது. வழக்கமாக மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறவள் இன்று நாலரை ஆகியும் படுத்தே கிடந்தாள். கறுப்புத் திரை போட்ட அறையில் பகல் இரண்டு மணியும் ஒன்றுதான், இரவு இரண்டு மணியும் ஒன்றுதான். ஏசியின் மெல்லிய உறுமலுக்கு அடியில் கூடத்துப் பேச்சு துண்டு துண்டாக வந்து விழுந்தது. எழுந்து போய், "பரவாயில்ல, சத்தமாவே பேசுங்க" என்று சொல்லிவிடலாம். ஆனால் எழுந்துவிட்டால் கணவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மூன்று நாளாகத் தொண்டைக்குள் உருண்டுகொண்டிருக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை. ஊர் உறங்கும் நேரத்தில்தான் பால் டேங்கர்கள் வரிசை கட்டி வரும். ஊர் எழுவதற்குள் அவ்வளவு பாலும் பாக்கெட்டில் ஏறியாக வேண்டும். டேங்கர் மேல் ஏறி மூடியைத் திறந்து, நீளக் கம்பியால் கலக்கி, மாதிரி எடுத்து, சூடு பார்த்து, கொழுப்பு பார்த்து, கொஞ்சம் கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்த்து, அவள் தலையசைத்தால்தான் குழாயை மாட்டுவார்கள். மெஷின் சொல்வதற்கு முன்பே அவள் மூக்கு சொல்லிவிடும் என்று லாரி டிரைவர்களுக்கு அவளிடம் ஒரு பயம் உண்டு. 'மூக்கு மேடம்' என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமைதான்.

இந்த வேலைக்கு அவள் போன நாளிலிருந்து, நான்கு வருடமாக, அந்த வீட்டில் பகல் என்பது கால் நுனியில் நடந்து கடக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அழைப்பு மணியின் வயரை அவள் கணவன் முதல் வாரமே பிடுங்கிவிட்டான். குக்கர் தன் விசில்களையெல்லாம் காலை ஏழுக்குள் அடித்து முடித்துவிட வேண்டும். மிக்சி பக்கத்து வீட்டு அக்காவின் அடுப்படிக்குப் போய் அரைத்துவிட்டு வரும். மகளுக்கு எட்டு வயதிலேயே, கைப்பிடியை லேசாகத் தூக்கித் திறந்தால் பீரோ முனகாது என்று தெரிந்திருந்தது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். வாலாட்ட வழியில்லாத வாலு. இப்போது பன்னிரண்டு வயது. "உங்க பொண்ணு நல்லாப் படிக்கறா, ஆனா எந்தக் கேள்வி கேட்டாலும் ரகசியம் சொல்ற மாதிரியே பதில் சொல்றா" என்று வகுப்பு ஆசிரியை சொன்னபோது கணவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவனுக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்று அட்டவணை போடுவது அவன்தான். அங்கே அவனுக்கு 'டைம்டேபிள்' என்றே பெயர். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. காலையில் அவள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது அவன் சாப்பாட்டுப் பையோடு தயாராக நிற்பான். சாவி கைமாறும். "பெட்ரோல் இருக்கு. முன் டயர்ல காத்து கம்மி" என்பாள் அவள். "வாலுக்கு மூக்கு ஒழுகுது. கேஸ்காரன் வருவான், கதவுல சீட்டு ஒட்டியிருக்கேன்" என்பான் அவன். ஒருநாள் அவளே, "நாம குடும்பம் நடத்தறோமா, டூட்டி மாத்திக்கறோமா?" என்று கேட்டாள். "டூட்டி மாத்தறவங்களாவது நின்னு ஒரு டீ குடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அந்த டைம்டேபிளுக்கு இந்த மூன்று மாதமாகச் சோலார் பைத்தியம் பிடித்திருந்தது. சாப்பிடும்போது சோலார், குளிக்கும்போது சோலார். மொட்டை மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு விடுமுறை நாள் முழுக்கக் குடையோடு உட்கார்ந்திருந்தான். பேனல் மட்டும் போடுவதா, பேட்டரியும் சேர்த்துப் போடுவதா, எது லாபம், எத்தனை வருடத்தில் போட்டது திரும்பும்... டிப்போவில் பாதிப் பேர் அவனைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள் என்று அவனே சொன்னான். இன்று அவனுக்கு வார விடுமுறை, மகளுக்கும் பள்ளி இல்லை. சோலார்க்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டான்.

அவள் சொல்ல வேண்டிய விஷயம் வேறு. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், கடைசி டேங்கருக்குத் தலையசைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது, லேப் இன்சார்ஜ் அவளைக் கூப்பிட்டார். லேபில் பகல் வேலை பார்க்கும் வயதான அம்மாள் ஒருவர் வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதம் மகனோடு போய் இருக்கப்போகிறார். "சீனியாரிட்டில நீதான்மா அடுத்து. வேணும்னா சொல்லு, உனக்கே போட்டுடறேன். ஆனா சம்பளத்தோட வர்ற ராத்திரிப் படி போயிடும், யோசிச்சுக்கோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆர்டர் அனுப்பணும். அதுக்குள்ள சொல்லலைன்னா வேண்டாம்னு எடுத்துக்குவேன்." இன்று வெள்ளிக்கிழமை.

மூன்று நாளும் காலையில் வாசலில் சாவி கைமாறும்போது சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தில் ஒரு சூரியன் எரிந்துகொண்டிருந்தது. "மூணு கிலோவாட் போதும்னு தோணுது" என்பான். அல்லது, "பேங்க்ல தவணை கம்மியா தர்றாங்களாம்" என்பான். அந்தத் தவணையை எதை வைத்துக் கட்டப்போகிறான்? அவளுடைய ராத்திரிப் படியை வைத்துத்தானே? மூன்று மாதமாக ஒரு மனிதன் ஆசை ஆசையாகக் கட்டிய கூரையின் ஒரே தூணை எப்படி உருவுவது? சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே வந்து படுத்துவிடுவாள்.

கூடத்தில் காகிதம் புரளும் ஓசை. சோலார்க்காரர் மறுபடி பூனைக்குரலில் தொடங்கினார். "சார், இப்ப முக்கியமான கேள்வி. இத வச்சுதான் எல்லாமே. பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

"என் வைஃப் இருப்பாங்க. நைட் ஷிஃப்ட். காலைல எட்டுலேர்ந்து மூணு வரைக்கும் தூங்குவாங்க. ஏசி ஓடும்."

"அடடா! சார், உங்கள மாதிரி வீடு எனக்கு நூத்துல ஒண்ணுகூடக் கிடைக்காது. எல்லாரும் பகல்ல வீட்டப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. மேல தயாராகற கரண்ட் அத்தனையும் மின்வாரியத்துக்குப் போகும், அவங்க நாம குடுக்கற விலைல பாதிகூடத் தர மாட்டாங்க. அப்பதான் நான் பேட்டரி வச்சுக்குங்கம்பேன், பகல்ல சேத்து வச்சு ராத்திரி செலவழிக்க. உங்களுக்கு சூரியன் இருக்கறப்பதான் ஏசியே ஓடுது!"

"அதத்தான் நானும் சொல்றேன்." கணவனின் குரலில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனின் குதூகலம். "பேட்டரியே வேண்டாம். அஞ்சு வருஷத்துல போட்டது வந்துடும். அப்புறம் எல்லாம் நமக்கு."

"கரெக்ட் சார். ஆனா மேடத்துக்கு இந்த நைட் ஷிஃப்ட் எத்தன வருஷம் இருக்கும்னு போட்டுக்கலாம்? அது மாறிச்சுன்னா கணக்கும் மாறும்."

ஒரு விநாடிகூட அவன் யோசிக்கவில்லை. "பத்து வருஷம்னு போட்டுக்குங்க."

அவள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

பத்து வருஷம். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவன் எரிச்சலோடு சொல்லியிருந்தால்கூட இப்படிக் குத்தியிருக்காது. சந்தோஷமாகச் சொன்னான். பத்து வருடத்தில் வாலுக்கு இருபத்திரண்டு ஆகிவிடும். அவள் பெரிய மனுஷி ஆகி, பரீட்சைக்குப் படித்து, யாரையாவது நினைத்து அழுது, எங்கேயோ வேலைக்குப் போய், எல்லாமே இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் கிசுகிசுப்பாக நடந்து முடிந்திருக்கும். கல்யாணமான புதிதில் அவளுக்குக் குளிர்ந்த பாதம், அவனுக்கு எப்போதும் சுடுகின்ற முழங்கால். அதில் காலை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது அவன் எழுந்து போன படுக்கையில் அவள் வந்து படுக்கும்போது தலையணையில் அவன் தலை வைத்த பள்ளம் மட்டும் இருக்கும். அந்தப் பள்ளத்தோடு இன்னும் பத்து வருடமா?

கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, கொசுக்கடி மாதிரி, ஒரு நினைவும் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இவனே ஒருநாள் கேட்டான்: "உனக்கு இந்த ராத்திரி வேலை கஷ்டமா இல்லையா?" அப்போது வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணுக்குக் கீழ் கருவளையம். "சே சே, எனக்குப் புடிச்சிருக்குங்க. பகல்ல ஆயிரம் பேர் வந்து கேள்வி கேப்பாங்க. ராத்திரி நானும் பாலும்தான், நிம்மதி" என்றாள். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுக்காகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

ஏசியை அணைத்தாள். கொண்டையை முடிந்தபடி கதவைத் திறந்தாள். கூடத்து வெளிச்சம் முகத்தில் அறைந்தது.

மூன்று பேரும் கொள்ளையடிக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி நிமிர்ந்தார்கள். "நான் சொல்லல? அங்கிள்தான் கத்தினாரு" என்று வாலு பழியை இறக்கிவைத்தாள். சோலார்க்காரர் பாதி எழுந்து கும்பிட்டார். அந்தக் குரலுக்குப் பொருத்தமாக வாட்டசாட்டமான ஆளை எதிர்பார்த்திருந்தாள். மனிதர் ஒல்லியாக, பென்சில் மாதிரி இருந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தொண்டை என் பேச்சைக் கேக்காது."

"பரவாயில்ல, உக்காருங்க. சத்தமாவே பேசுங்க." கணவனைப் பார்க்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். நான் பகல் வேலைக்குப் போயிட்டா உங்க கணக்கு என்ன ஆகும்?"

கணவனின் கையிலிருந்த பேனா நின்றது.

சோலார்க்காரருக்கு வீட்டுக்குள் வீசிய காற்று மாறியது தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தனக்குப் பேச அனுமதி கிடைத்துவிட்டது என்பதுதான். "அப்படிக் கேளுங்க மேடம்!" என்று முழுக்குரலை அவிழ்த்துவிட்டார். "பகல்ல ஆளில்லைன்னா கதையே வேற. வீட்டுச் செலவெல்லாம் சாயங்காலத்துக்கு மேலதான். சூரியன் போனதுக்கு அப்புறம் விளக்கு, ஃபேன், ராத்திரி ஏசி. அப்ப உங்களுக்கு பேட்டரிதான் சரி. நல்ல கம்பெனி பேட்டரி, பீரோ மாதிரி சுவத்தோட நிக்கும், சத்தமே வராது..."

"அது என்ன விலை?"

"பேனலுக்கு ஆகற அளவு ஆகும் மேடம், கிட்டத்தட்ட."

அதாவது, ராத்திரிப் படியும் போய், செலவும் இரண்டு மடங்கு. மூன்று நாளாக அவள் பயந்தது இதைத்தான். சரி, இவ்வளவுதான். நைட் ஷிஃப்ட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காபி போடலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றான் கணவன். அவளிடம் அல்ல, சோலார்க்காரரிடம். டிப்போவில் விடுப்புக் கேட்டு வருகிறவனிடம் பேசும் குரல். "பேட்டரி எத்தன வருஷம் உழைக்கும்?"

"பத்து வருஷம் கேரண்டி சார், எழுத்துல தருவோம்."

"அதுக்குப் போட்ட பணம் திரும்ப எத்தன வருஷம்?"

சோலார்க்காரர் கொஞ்சம் நெளிந்தார். "அது... உங்க ரேட்டுக்கு... ஒரு பன்னெண்டு, பதிமூணு..."

"அப்ப செத்துப்போன பேட்டரிக்கு மூணு வருஷம் திதி குடுக்கணுமா?"

வாலு களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சோலார்க்காரரும் சிரித்தார். "அடிக்கடி கரண்ட் போற ஏரியான்னா நான் விடவே மாட்டேன் சார். உங்களுக்கு கரண்ட்டும் போறதில்ல. உள்ளதச் சொல்லணும்னா, பணத்துக்காகன்னு பாத்தா பேட்டரி இங்க தேறாது. இன்னும் விலை எறங்கட்டும்."

"பேட்டரி இல்லாம, வெறும் பேனல். பகல்ல வீடு பூட்டியிருக்கு. மிச்சத்த பாதி விலைக்கு மின்வாரியத்துக்கே குடுத்துடறோம். அப்ப எத்தன வருஷம்?"

சோலார்க்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். தட்டிவிட்டு மறுபடி தட்டினார்.

"ஏழு வருஷம் சார். மோட்டாரும் வாஷிங் மெஷினும் பகல்ல ஓடற மாதிரி வச்சுக்கிட்டா அதுலயும் ஒரு ஆறு மாசம் குறையும்."

"அஞ்சு இருந்தது ஏழாகும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"பேங்க் தவணை?"

"அது நீங்க எத்தன வருஷம் கேக்கறீங்களோ அப்படி நீட்டிக்கலாம் சார். இப்ப கட்டற கரண்ட் பில்லே கிட்டத்தட்ட தவணையா மாறிடும். கைக்காசு பெருசா எறங்காது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, கொதித்து மேலே வந்த பால் அடுப்பைக் குறைத்ததும் சட்டென்று உள்ளே அடங்குமே, அப்படி நெஞ்சுக்குள் ஏதோ அடங்கியது. ரெண்டு வருஷம். வெறும் ரெண்டு வருஷம். எது இடிந்து எல்லோர் தலையிலும் விழும் என்று மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் தாங்கிக்கொண்டிருந்தாளோ, அது இரண்டு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டதால், "காபி போடறேன்" என்று எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

பின்னாலேயே அவன் வந்தான். "வாலு, அங்கிளுக்கு மாடியக் காட்டு" என்று அவன் சொன்னதும், மாடிப்படியில் சோலார்க்காரரின் குரல் ஏறிப்போனதும் கேட்டது. அவள் பால் பாத்திரத்தை எடுத்தாள். பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பில் வைத்தாள்.

"பகல் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களா?"

"ம்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி." அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "டிப்போல டிரைவர் ஒவ்வொருத்தனும் எங்கிட்ட வந்து அழுவான். பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல, பையனுக்கு பரீட்சை, ராத்திரி வண்டி வேண்டாம் சார்னு. பொய்யின்னு தெரிஞ்சாக்கூட மாத்திக் குடுப்பேன். என் வீட்ல இருக்கறவ மூணு நாளா ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்கதான் பத்து வருஷம்னு எழுதிட்டீங்களே. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?" குரலை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. "யோசிக்கக்கூட இல்ல. பத்துன்னு சொல்றீங்க. நான் என்ன, சுவத்தோட நிக்கற பேட்டரியா?"

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். நான்கு வருடத்தில் அந்த வீட்டில் பகலில் யாரும் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பேசியவளே இப்போதுதான் அதை உணர்ந்தாள்.

"நீதானே புடிச்சிருக்குன்னு சொன்னே?" என்றான் மெதுவாக. "நானும் பாலும்தான், நிம்மதின்னு. எங்க டிப்போல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் ஒரு தடம் எனக்குப் புடிச்சிருக்குன்னு வாய் விட்டுச் சொல்லிட்டா, அவனா வந்து வேண்டாம்னு சொல்ற வரைக்கும் அதுல கை வைக்க மாட்டோம். கேட்டா அவனுக்கு சந்தேகம் வந்துடும், யாரோ நம்ம வண்டிக்குக் கண் வைக்கறான்னு. அதான் திரும்பக் கேக்கல."

"சொன்னா அப்படியே நம்பிடுவீங்களா?"

"நீ சொன்னா நம்பாம?"

பால் விளிம்பு வரைக்கும் வந்தது. அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"கடன் இருந்துச்சு. உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. சொன்னேன்."

"நல்லா சொன்னே போ." அவன் சிரிக்கப் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. "இந்தச் சோலார் எதுக்குன்னு நெனச்சே? லாபத்துக்கா? போன கோடைல ஒருநாள் மத்தியானம் ஃபைல் எடுக்க வீட்டுக்கு வந்தேன். நீ ஏசிய அணைச்சுட்டுப் படுத்திருந்தே. தலகாணி நனைஞ்சு கெடந்துச்சு. பில் ஏறுதுன்னு அணைச்சிருக்கே. தூங்கவே இல்ல நீ, சும்மா கண்ண மூடிட்டுப் படுத்திருக்கே. கதவுகிட்டயே நின்னுட்டுப் போயிட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இது. கரண்ட் ஓசியா வந்தா இவ அணைக்க மாட்டா, ஏழு மணி நேரம் ஒழுங்காத் தூங்குவான்னு. பத்து வருஷம்னா பத்து வருஷமும் குளுகுளுன்னு தூங்கட்டும்னுதான்யா பத்துன்னு சொன்னேன்."

அவனுக்குக் கோபமோ துக்கமோ வந்தால் அவளை 'யா' போட்டுப் பேசுவான். கடைசியாக எப்போது அதைக் கேட்டாள் என்றே ஞாபகமில்லை. வாசலில் சாவி கைமாறும் அந்த நேரத்துக்குள் யாருக்கு இதற்கெல்லாம் வசதிப்படும்?

மூன்று மாதமாகக் குடையோடு மாடியில் உட்கார்ந்திருந்தது இதற்காகவா? தன் தூக்கத்துக்காகவா? பால் பண்ணையில் ஒரு டேங்கர் பாலை முகர்ந்ததும் எந்தக் குளிரூட்டும் நிலையத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறவளுக்கு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் போயிருக்கிறது. அவனுக்கும்தான் தெரியவில்லை. அவளுக்குத் தேவை குளிர்ந்த பகல் அல்ல என்பது.

"படி போயிடும்" என்றாள். "மாசாமாசம் கொஞ்சம் இடிக்கும்."

"இடிக்கட்டும். எனக்குப் புது பைக் வேண்டாம். வாலுக்கு மட்டும் எதையும் குறைக்க வேண்டாம், மத்ததப் பாத்துக்கலாம்."

"கோடைல ராத்திரி ஏசி போடணும். சூரியன் இருக்காது. பில் வரும்."

"ஒரே ரூம்ல மூணு பேரும் படுத்துக்குவோம். ஒரு ஏசி போதும்."

"ஒரு ஏசிதானே இருக்கு நம்மகிட்ட?"

"அதத்தான் சொல்றேன்" என்றான் டைம்டேபிள், ஏதோ பெரிய சிக்கனத் திட்டத்தைக் கண்டுபிடித்தவன் போல. அவள் சிரித்துவிட்டாள். இந்த முறை வாய்விட்டு. அவன் அருகில் வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான். "காபிய நான் பாத்துக்கறேன். நீ போய் உங்க இன்சார்ஜுக்கு ஃபோன் பண்ணு. சாயங்காலம்னா எத்தன மணி வரைக்கும்?"

"ஆறு."

"அஞ்சேகால் ஆச்சு. ஓடு. கீழ சிக்னல் விட்டு விட்டு வரும், மாடிக்குப் போ. டிப்போல இந்த மாதிரி சீட்டெல்லாம் கடைசி நேரத்துல எவனாவது வந்து தட்டிட்டுப் போயிடுவான்."

மாடிப்படியில் ஏறும்போதே அழைத்துவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு படி, மூன்று படி. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். மாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது, "சொல்லும்மா, உன் ஃபோனுக்குத்தான் பேப்பரக் கைல வச்சுட்டு உக்காந்திருக்கேன்" என்றார் லேப் இன்சார்ஜ்.

"பகல் வேலைய எடுத்துக்கறேன் சார்."

"அப்பாடா! வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு நெனச்சேன். சரி, ஒண்ணாம் தேதிலேர்ந்து வந்துடு. ஆனா இன்னிக்கு ராத்திரி வந்துடுவேல்ல? டேங்கர் பதினாலு இருக்கு."

"வந்துடறேன் சார், வந்துடறேன்" என்றாள். பதினாலு என்ன, நாற்பது டேங்கர் வந்தாலும் இன்றைக்கு முகர்ந்துவிடலாம் போலிருந்தது.

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் சோலார்க்காரர் சுண்ணக்கட்டியால் நீள நீளமாக ஆறு கட்டங்கள் வரைந்து வைத்திருந்தார், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. "ஒவ்வொண்ணும் ஒரு பேனல் மேடம். தொட்டி நிழல் படாம பாத்து வரைஞ்சிருக்கேன்" என்று தெருமுனைவரை கேட்கும்படி சொன்னார். காபித் தட்டோடு மேலே வந்த கணவன் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். குழாயை மாட்டலாம் என்று லாரிக்காரனுக்குச் சொல்லும் அதே தலையசைப்பு. தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவன் கட்டங்களைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.

"ஆள் நீளம் இருக்குமா இது?"

"ஆள் நீளத்துக்கு மேலயே இருக்கும் சார்."

"பாத்துடலாம்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கட்டத்துக்குள் மல்லாந்து படுத்தான். சோலார்க்காரர் கையில் டேப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் காபியை எடுத்துக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றுகொண்டார். "கால் நீட்ட எடம் இருக்கு" என்று கட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "வந்து பாரேன்."

"எந்திரிங்க. எதிர் வீட்ல பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் எடம் அளக்கறேன்."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்துக் கட்டத்தில் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டுப் படுத்தாள். நாள் முழுக்க வெயிலைக் குடித்த தரை முதுகில் இதமாகச் சுட்டது. வானம் இவ்வளவு அகலம் என்பதே மறந்துபோயிருந்தது. கோட்டைத் தாண்டி ஒரு கை வந்து அவள் விரல்களைத் தேடியது.

"அய்யோ, ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று வாலு கத்தினாள். மாடி முழுக்க, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பிறகு யோசித்து, சோலார்க்காரர் சுவரில் வைத்திருந்த சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டாள். காதோரத்தில் கரகரவென்று ஓசை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கப் போனாள்.

"ஆடாதம்மா" என்றாள் மகள். "தலகாணி போட்டுட்டிருக்கேன். கலைஞ்சிடும்."

அவள் ஆடாமல் கிடந்தாள். சுண்ணக்கோடு அவள் விரிந்த கூந்தலின் ஓரமாகவே மெல்லச் சுற்றி வந்துகொண்டிருந்தது.